நீரிழிவுக்கும் கல்லீரலுக்கும் மூலிகைச் சாரங்கள்

உடலில் சர்க்கரையைச் சேமித்து வைத்து, வேளை பார்த்து வெளியே விடும் பண்டகசாலை கல்லீரல். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பகுதியை அது கிளைக்கோஜனாக்கிப் பூட்டிவைக்கிறது. இரவில் வயிறு காலியாக இருக்கும்போது மூளைக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறது. பூட்டவும், திறப்பதை நிறுத்தவும் உத்தரவு தருவது இன்சுலின். இரண்டாம் வகை நீரிழிவில் அந்த உத்தரவு ஈரலின் காதில் சரியாக விழுவதில்லை. இரவு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டவருக்கும் விடிந்ததும் சர்க்கரை 160 காட்டுவது இதனால்தான். அந்தச் சர்க்கரை இட்லியிலிருந்து வந்ததல்ல. இரவெல்லாம் ஈரல் கணக்கில்லாமல் திறந்துவிட்டது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஈரலில் கொழுப்பும் படிந்திருக்கும். மது தொடாதவர்களுக்கும் இது வருகிறது. ஆகவே சர்க்கரைக்கென்று விழுங்கும் எந்த மூலிகையும் ஏற்கெனவே சுமை ஏறிய ஓர் ஈரலின் வழியாகத்தான் போகிறது. எந்தச் செடியைப் பற்றியும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: சர்க்கரையை எவ்வளவு இறக்கும்? ஈரலுக்கு என்ன செய்யும்? மூலிகை நூல்களில் பெரும்பாலானவை முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

செடியிலிருந்து நல்ல மருந்து வரும் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. இன்று உலகில் மிகுதியாக எழுதித் தரப்படும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின், ஐரோப்பியக் கிராமங்களில் வழங்கிய கலேகா என்ற அவரைக் குடும்பச் செடியை ஆராய்ந்ததன் தொடர்ச்சி. அதிலிருந்த கலெஜின் சர்க்கரையை இறக்கியது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவான மெட்ஃபார்மினை 1922-ல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய மாத்திரைகளுக்கும் மூலம் ஒரு மரம்தான்: 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின். இரண்டிலும் செடி அப்படியே மருந்தாகவில்லை. அதன் குற்றத்தை நீக்கி, அளவைக் கண்டுபிடித்து, மனிதர்களிடம் சோதித்த பிறகே மருந்தானது.

சாறு, குடிநீர், சூரணம், சாரம்

ஒரே இலை நான்கு வடிவங்களில் கைக்கு வரலாம். பச்சிலையை இடித்துப் பிழிந்தால் சாறு. உலர்ந்த சரக்கை ஒன்றிரண்டாக இடித்து, எட்டு அல்லது பதினாறு பங்கு நீர் விட்டு, நான்கில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ சுண்டக் காய்ச்சினால் குடிநீர். கஷாயம் என்பதும் இதுவே. நிழலில் உலர்த்தி அரைத்து வஸ்திரகாயம் செய்தால், அதாவது துணியில் சலித்தால், சூரணம். நீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்து, கரைந்ததை வடித்து, கரைப்பானை ஆவியாக்கி எஞ்சுவதைப் பொடியாக்கினால் சாரம். மாத்திரைக் குப்பியில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கடைசி வடிவம்.

குப்பியின் மேல் 10:1 என்று இருந்தால் பத்து கிராம் இலையை ஒரு கிராமாகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அரை கிராம் மாத்திரை ஐந்து கிராம் உலர் இலைக்குச் சமம். நல்ல தயாரிப்பில், குறிப்பிட்ட வேதிப்பொருள் எத்தனை விழுக்காடு என்பதும் இருக்கும். சிறுகுறிஞ்சானுக்குக் கிம்னிமிக் அமிலம், மஞ்சளுக்குக் குர்குமின் என்பதுபோல. இந்த எண் இல்லாத சாரத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது.

கரைப்பானும் முக்கியம். நீர் எடுப்பதையெல்லாம் எரிசாராயம் எடுக்காது. எரிசாராயம் எடுப்பதையெல்லாம் நீர் எடுக்காது. பாட்டி காலத்திலிருந்து பாதுகாப்பாகக் குடித்துவந்த கஷாயம் என்ற நற்சான்று, அதே செடியின் எரிசாராயச் சாரத்துக்குத் தானாகச் சேர்ந்துவிடாது. அது வேறு பொருள்.

சிறுகுறிஞ்சான்

சர்க்கரைக்கொல்லி என்றே இதற்கு இன்னொரு பெயர் உண்டு. வேலியில் படரும் கொடி. ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே என்பது தாவரவியல் பெயர். இலையை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல இருக்கும். கசப்பும் உப்பும் தெரியும், இனிப்பு மட்டும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் செத்துக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய இலை அசல்தானா என்று பார்க்க இதைவிட மலிவான சோதனை இல்லை. 1887-ல் உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலார்தான் இதற்குக் காரணமான பொருளைப் பிரித்து, கிம்னிமிக் அமிலம் என்ற பெயரோடு வெளியிட்டார்.

நாவில் இனிப்பு உணரும் மொட்டுகளை மறைக்கும் அதே மூலக்கூறுகள் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதையும் ஓரளவு தடுக்கின்றன. கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் கூட்டுவதாகவும் ஆய்வுகள் உண்டு. இவற்றில் பேர்பெற்ற இரண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நடந்து 1990-ல் வெளியானவை. இலையின் நீரில் கரையும் சாரத்தை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் கொடுத்தார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கு ஊசியின் அளவு குறைந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 22 பேரில், 18 முதல் 20 மாதங்களுக்குப் பிறகு, 5 பேர் மாத்திரையை நிறுத்தியும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது.

சிறுகுறிஞ்சான் விற்கும் ஒவ்வொரு துண்டறிக்கையிலும் இந்த ஐந்து பேர் வந்துவிடுவார்கள். மற்ற 17 பேருக்கு மாத்திரை தொடர்ந்தது என்பதையும், யாருக்கு மருந்து யாருக்குப் போலி என்று குலுக்கிப் பிரித்து நடந்த சோதனை இதுவல்ல என்பதையும் துண்டறிக்கை சொல்லாது. நல்ல தொடக்கம் என்ற அளவுக்கு மதிக்கலாம். முடிவு என்று எடுத்துக்கொண்டு இன்சுலினை நிறுத்துவது, குறிப்பாக முதல் வகை நீரிழிவில், உயிரைப் பணயம் வைப்பது. இன்சுலின் முழுதாக நின்றால் சில நாட்களிலேயே இரத்தம் அமிலமாகி மயக்க நிலை வரலாம். எந்த இலையும் அந்த இடத்தை நிரப்பாது.

ஈரல் கணக்கில் சிறுகுறிஞ்சானுக்குப் பெரிய கெட்ட பெயர் இல்லை. ஆனாலும் இதைக் குடித்தவருக்கு ஈரல் அழற்சி வந்ததாக மருத்துவ இதழில் பதிவு உண்டு. அரிது என்றாலும், தொடங்கும் முன் ஒருமுறை ஈரல் பரிசோதனை செய்துகொள்ள அதுவே போதிய காரணம்.

சமையலறையில் இருப்பவை

வெந்தயத்தின் வேலை எளிதில் விளங்கும். விதையின் எடையில் ஏறக்குறைய பாதி நார்ப்பொருள். அதில் ஒரு பகுதி நீரில் கரைந்து கூழாகிறது. இரவில் ஊறப்போட்ட வெந்தயத்தின் வழவழப்பு அதுதான். குடலில் அந்தக் கூழ் உணவைப் பொதிந்துகொண்டு சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990-ல் வெளியிட்ட சோதனையில் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளுக்கு 100 கிராம், இரண்டு வேளை உணவில் கலந்து கொடுக்கப்பட்டது. சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை 54 விழுக்காடு குறைந்தது. நூறு கிராம் என்பது ஒரு பெரிய கிண்ணம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி விழுங்குவோர் இந்தக் கணக்கைத் தமக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. பின்னால் நடந்த ஆய்வுகள் 25 கிராம் அளவுக்கு இறங்கின. இட்லி மாவு, சப்பாத்தி மாவு, மோர், குழம்பு என்று பிரித்துச் சேர்த்தால் அந்த அளவு எட்டக்கூடியதே. தொடங்கும்போது ஐந்து கிராமில் தொடங்கி வாரம் வாரமாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். நார் மருந்தையும் பொதிந்துகொள்ளும் என்பதால் மாத்திரைக்கும் வெந்தயத்துக்கும் இடையே ஒன்று, இரண்டு மணி நேரம் விடுவது நல்லது. வியர்வையில் வெந்தய வாடை வரும், தீங்கில்லை. நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கு மட்டும் வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம்.

பாகற்காய்க்கு உள்ள புகழுக்கும் சான்றுக்கும் பொருத்தமில்லை. கசப்பு இனிப்புக்கு எதிரி, ஆகவே பாகல் சர்க்கரைக்கு எதிரி என்ற எண்ணமே பாதிப் புகழைத் தந்திருக்க வேண்டும். மனிதச் சோதனைகளைத் திரட்டி எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு, போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் முடித்தது. காயாகச் சமைத்துத் தின்பதில் குறையொன்றும் இல்லை; மாவுச்சத்து குறைவு, நார் உண்டு. வெறும் வயிற்றில் டம்ளர் கணக்கில் சாறு குடிப்பது வேறு. சர்க்கரை திடீரென்று சரியலாம். குழந்தைகளுக்குக் கொடுத்து அவர்கள் நினைவிழந்த பதிவுகள் உண்டு. விதையில் உள்ள விசின் என்ற பொருள், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

கோவை இதற்கு நேர்மாறு: புகழ் குறைவு, சான்று பரவாயில்லை. பெங்களூரில் நடந்து 2008-ல் வெளியான சோதனையில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டு மருந்து தொடங்காத 60 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதிக்குக் கோவை இலையும் காயும் சேர்ந்த எரிசாராயச் சாரம் 1 கிராம், மறுபாதிக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. 90 நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 16 விழுக்காடும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 18 விழுக்காடும் குறைந்தன. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இது மதிக்கத்தக்க இறக்கம். 300-ல் நிற்பவருக்குப் போதாது.

மரக்குவளையும் ஆவாரைக் குடிநீரும்

இலங்கையில் கொத்தலஹிம்புட்டு என்று வழங்கும் கொடியின் கட்டையைக் குடைந்து குவளை செய்து, இரவில் நீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் பழையது. சித்த மருத்துவம் கடலழிஞ்சில் என்ற பெயரில் கையாளுவதும் இதே சலேசியா இனத்தைத்தான். 1997-ல் ஜப்பானிய வேதியியலார் இதிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியை இது தடுக்கிறது. ஆகார்போஸ் மாத்திரை செய்யும் அதே வேலை. 2005-ல் வெளியான இலங்கைச் சோதனையில் 51 பேர் மூன்று மாதம் இதைத் தேநீராகக் குடித்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சிறிதளவு, ஆனால் உறுதியாக, குறைந்தது.

இங்கே பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. கடலழிஞ்சிலோடு கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ விரைவாக உதவாமல் போகலாம், ஏனென்றால் அதை உடைக்கும் நொதியே அடைபட்டிருக்கிறது. கையில் குளுக்கோஸ் பொடி இருக்க வேண்டும். ஆகார்போஸ் உண்பவர்களுக்கு மருத்துவர் சொல்லும் எச்சரிக்கையும் இதுதான்.

வேங்கைக் கட்டைக் குவளையும் இதே குடும்பத்து வழக்கம். ஊறிய நீர் நீலம் பாரித்து மின்னும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வேங்கையை முறையாகச் சோதித்தது. 1998-ல் வெளியான முடிவின்படி 97 பேரில் 67 பேருக்கு, அதாவது 69 விழுக்காட்டினருக்கு, 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. போலி மருந்தோடு ஒப்பிடாத திறந்த சோதனை இது. அதில் பயன்பட்டது அளவிட்ட சாரம். குவளையில் எவ்வளவு இறங்குகிறது என்பது கட்டையின் வயதைப் பொறுத்தது, பழைய குவளையில் ஒன்றும் இறங்காது.

ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என ஏழும் சேர்ந்தது சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீர். மதுமேகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, அரசு சித்த மருத்துவமனைகளிலும் வழங்கப்படுவது. கூட்டு மருந்தில் ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்துச் சொல்வது கடினம். நாவல் இலைத் தேநீரைப் பிரேசிலில் முறையாகச் சோதித்தபோது சர்க்கரை இறங்கவில்லை. இங்கே பயன்படுவது இலையன்று, விதையும் பட்டையும் என்பதால் அந்த முடிவை அப்படியே கொண்டுவரவும் முடியாது.

ஆவாரையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. இலங்கையின் மருந்துச் செடிகள் ஐம்பதை ஆராய்ந்து 1981-ல் வெளியான கட்டுரை, ஈரலின் நுண்குழாய்களை அடைக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு மூன்றில் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் ஒன்று ஆவாரை. அங்கே ரணவரா என்ற பெயரில் தேநீராக அன்றாடம் குடிக்கப்படுவது. பொங்கல் காப்புக்கட்டுக்கும் கூட்டுக்கும் பயன்படும் ஆவாரம்பூவைக் கண்டு அஞ்ச இது காரணமாகாது. ஆண்டுக்கணக்கில் தினமும் இரண்டு வேளை ஆவாரைத் தேநீர் குடிப்பதற்கு இது நல்ல வாதமும் ஆகாது. சித்த மருத்துவர்கள் மண்டலக் கணக்கில், அதாவது 48 நாள் கொடுத்து இடைவெளி விடச் சொல்வதைப் பின்பற்றுவது அறிவுடைமை.

கீழாநெல்லி

ஈரல் மூலிகை என்றதும் தமிழர் வாயில் முதலில் வருவது கீழாநெல்லிதான். காய்கள் இலைக்காம்பின் அடியில் வரிசையாகத் தொங்கும். பெயர்க் காரணமும் அடையாளமும் அதுவே. பாலில் அல்லது மோரில் அரைத்துக் கலக்கி மூன்று நாள் கொடுத்தால் காமாலை இறங்கும் என்பார்கள். பல நேரங்களில் இறங்கவும் செய்கிறது. மழைக்காலத்தில் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வகைக் காமாலை, மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். ஊர்ப் பெயர் பெற்ற காமாலை மருந்துகள் பலவற்றின் புகழ் இந்தத் தானே இறங்கும் காமாலையிலிருந்து வந்தது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்து வரும் காமாலையிலோ, குடியால் ஈரல் சுருங்கி வரும் காமாலையிலோ, அந்த மூன்று நாள் வீணான மூன்று நாள்.

இந்தச் செடி ஒரு காலத்தில் உலகத்தின் கவனத்தைச் சென்னையின் பக்கம் திருப்பியது. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து நடத்திய சோதனை 1988-ல் லான்செட் இதழில் வந்தது. கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அறுபது விழுக்காட்டுக்கு எதிரே நான்கு விழுக்காடு என்ற வேறுபாடு எவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. 2011-ல் எல்லாவற்றையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வும் நம்பத்தக்க சான்று இல்லை என்றது. மண், பருவம், இனம் ஆகியவற்றின் வேறுபாடு காரணமாக இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. இன்று ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளும் இருக்கும்போது கீழாநெல்லியை நம்பி அவற்றைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. கீரையோடு சேர்த்துண்ணத் தடையுமில்லை.

மற்ற ஈரல் மூலிகைகளில் கரிசலாங்கண்ணி கீரையாகவே பழகியது. அதன் வெடலோலாக்டோன் எலிகளின் ஈரலைக் காத்தது, மனிதச் சான்று மெலிவு. கடுகுரோகிணியிலிருந்து இலக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பிக்ரோலிவ் என்ற சாரத்தை உருவாக்கியது. இமயமலையில் மட்டும் விளையும் அந்தச் செடி அளவுக்கு மீறிப் பறிக்கப்பட்டு, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும் கடுகுரோகிணியைச் சந்தேகிக்க அதுவே காரணம்.

ஆங்கில மருந்துக் கடைகளில் ஈரல் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சிலிமாரின். மத்தியதரைக் கடல் நாட்டு முட்செடி ஒன்றின் விதைச் சாரம் அது. நச்சுக் காளான் தின்றவர்களுக்கு இதன் ஊசி வடிவம் ஐரோப்பாவில் பயன்படுகிறது. நீரிழிவோடும் இதற்குத் தொடர்பு உண்டு: 2006-ல் வெளியான ஈரானியச் சோதனையில் 51 பேர் பங்கெடுத்தனர், 200 மில்லிகிராம் மூன்று வேளை, நான்கு மாதம் உண்டவர்களின் ஹெச்பிஏ1சி 7.8-லிருந்து 6.8-க்கு இறங்கியது. ஆனால் ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் போலி மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. ஈரல் கொழுப்புக்கு மலேசியாவில் 99 பேரிடம் 48 வாரம் சோதித்தபோதும் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. தழும்பு சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. தீங்கு குறைந்த சாரம் என்பதே இதன் பெரிய சிறப்பு. எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைப்பது ஈரல் கொழுப்புக்குச் செய்வதை இதுவரை எந்த மூலிகையும் செய்துகாட்டவில்லை.

ஈரலைக் கெடுத்த மூலிகைகள்

சீந்தில் கொடி நீரிழிவுக்கும் ஈரலுக்கும் சேர்த்தே புகழப்பட்டது. அதன் மாவுக்குச் சீந்தில் சர்க்கரை என்றே பெயர். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு கஷாயம் காய்ச்சினார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள் ஆறு பேருக்கு இதனால் ஈரல் அழற்சி வந்ததைப் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளியானது. உடலின் எதிர்ப்பாற்றலே ஈரலைத் தாக்கும் வகை அது. தைராய்டு, நீரிழிவு போன்ற நோய் ஏற்கெனவே இருந்தவர்கள் அதில் பலர். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்து, உருவொத்த வேறு கொடியோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்றது. உருவொத்த கொடி உண்டு என்பது மெய். அதன் தண்டில் பரு பருவாகப் புடைத்திருக்கும். ஆனால் மருத்துவர்கள் வேதிச் சோதனை செய்த மாதிரிகளில் அசல் சீந்திலும் இருந்தது. எதிர்ப்பாற்றல் நோயோ ஈரல் நோயோ உள்ளவர்கள் சீந்திலை விட்டுவிடுவதே நலம்.

மஞ்சளின் கதை, வடிவம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதற்கு நல்ல சான்று. தாய்லாந்தில் நீரிழிவின் விளிம்பில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் நடந்த சோதனையில் குர்குமின் மாத்திரை உண்டவர்களில் ஒருவருக்கும் நீரிழிவு முற்றவில்லை. போலி மாத்திரைப் பிரிவில் 16.4 விழுக்காட்டினருக்கு முற்றியது. இதைக் கேட்டு மாத்திரை வாங்கப் போவோர் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும். மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்ட 10 பேரை அமெரிக்க ஆய்வுக் குழு 2022-ல் பதிவுசெய்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர், ஒருவர் இறந்தார். ஏழு பேருக்குக் குறிப்பிட்ட ஒரு மரபணுக் கூறு பொதுவாக இருந்தது. குழம்பில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான். அதிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் போய்விடும். மாத்திரையில் 95 விழுக்காடு. கூடவே மிளகின் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சப்படுவது 20 மடங்கு வரை கூடும் என்று பெங்களூர் ஆய்வு 1998-லேயே காட்டியது. தலைமுறை தலைமுறையாக மஞ்சள் தின்ற ஈரலுக்கும் இது புதிய விருந்தாளி.

குடம்புளியும் அப்படியே. மீன் குழம்பில் இரண்டு சுளை போட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எடை குறைக்க அதன் சாரத்தை மாத்திரையாக விழுங்கியவர்களில் சிலருக்கு ஈரல் செயலிழந்தது. பச்சைத் தேயிலைச் சாரத்தில், ஈஜிசிஜி என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் ஈரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் அறிவித்தது.

சர்க்கரைக்கென்று பட்டைப்பொடி தின்பவர்கள் எந்தப் பட்டை என்று பார்க்க வேண்டும். இலங்கைப் பட்டை மெல்லிய தாள்போலப் பல அடுக்காகச் சுருண்டு, கையால் நொறுங்கும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது கேசியா: தடித்த ஒற்றை அடுக்கு, உடைக்கக் கடினம். ஈரலுக்கு ஆகாத கூமரின் கேசியாவில் மிகுதி, இலங்கைப் பட்டையில் மிகக் குறைவு. 60 கிலோ எடையுள்ளவர் கேசியாவை நாள்தோறும் உண்பதானால் 2 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது ஜெர்மன் அரசு நிறுவனத்தின் கணக்கு. ஒரு தேக்கரண்டியே அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

வாங்கும்போது

சர்க்கரையை அடியோடு ஒழிக்கும் என்று விளம்பரம் செய்வது இந்தியாவில் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதன் பட்டியலில் நீரிழிவு பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அப்படி விளம்பரம் செய்பவரிடம் வாங்காமல் இருக்க வேறு காரணம் தேடவேண்டியதில்லை. குப்பியில் ஆயுஷ் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்மானங்களின் எடை எல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் அது உணவாகப் பதிவானது. மருந்தென்று சொல்லி விற்க அதற்கு உரிமை இல்லை.

இரண்டு கலப்படங்கள் அஞ்சத்தக்கவை. ஒன்று கன உலோகம்: பாஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004-ல் ஆய்வு வெளியானது. மற்றொன்று திருட்டுத்தனமாகக் கலக்கப்படும் ஆங்கில மாத்திரை. 2008-ல் சிங்கப்பூரில் ஆண்மைக்கென்று விற்ற மூலிகை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. ஏறக்குறைய 150 பேர் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், நால்வர் இறந்தார்கள். மூலிகைப் பொடி மூன்றே நாளில் 300-ஐ 120-க்கு இறக்கினால் மகிழ்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மூலிகையின் நடை அவ்வளவு வேகமல்ல.

மாத்திரையோடு சேர்க்கும்போது

ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், மூலிகையைத் தொடங்கும் நாளில் மாத்திரையைக் குறைக்கக் கூடாது. மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவும் கூடாது. முதலில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, ஈரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிலிருபின், கிரியேட்டினின் ஆகியவற்றைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு மூலிகைதான். ஐந்தைக் கலந்தால் நன்மைக்கும் தீமைக்கும் யார் பொறுப்பு என்று தெரியாது. முதல் மாதம் வாரம் இருமுறையாவது வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். நான்கு வாரத்தில் ஈரல் நொதிகளை மறுபடி பார்க்க வேண்டும். ஹெச்பிஏ1சி மட்டும் மூன்று மாதம் கழித்து. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை. மூன்று மாதத்தில் அந்த எண் அசையாவிட்டால் மூலிகை அந்த உடலுக்கு வேலை செய்யவில்லை. தொடர்வது பணச்செலவு.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ, நடுக்கம், வியர்வை, படபடப்பு கண்டாலோ 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வெந்தயச் சாரத்தையும் மஞ்சள் சாரத்தையும் தவிர்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாச் சாரங்களையும் நிறுத்திவிடுவது வழக்கம். கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்குச் சாரம் எதுவும் வேண்டாம். சமையலில் சேர்வது போதும்.

சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறுதல், கண்ணில் மஞ்சள், காரணமில்லாத அரிப்பு, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மூலிகையை அன்றே நிறுத்தி எஸ்ஜிபிடி பார்க்க வேண்டும். இயல்பின் உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் போயிருந்தால் அந்த மூலிகையை மறுபடி தொடவே கூடாது. இரண்டாம் முறை வரும் அழற்சி முதல் முறையைவிடக் கடுமையாக இருக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது குப்பியையும் மிச்சமிருக்கும் பொடியையும், கடையில் பொட்டலமாகக் கட்டித் தந்ததானால் அந்தப் பொட்டலத்தையும், எறிந்துவிடாமல் கூடவே எடுத்துப் போக வேண்டும்.